வகுத்தது போக மிச்சம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகன், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் திண்ணைக்கு வந்தான். உட்கார்ந்ததும் போனை என் கையில் கொடுத்தான். திரையில் ஐந்து பட்டைகள் நின்றிருந்தன. செர்ரி, எலுமிச்சை, மணி, வைரம், சிவப்பு நிற 7.

"மாமா, நீங்க முப்பது வருசம் கணக்கு வாத்தியாரா இருந்தவரு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முதல் நாள் எனக்கு மூவாயிரம் விழுந்துச்சு. அப்புறம் நாலு நாளா பெருசா எதுவும் விழல. அப்ப இன்னைக்கு விழுந்துதானே ஆகணும்?"

வாட்சப்பில் வந்த ஒரு லிங்க்கைத் தொட்டு இறக்கிய ஆப் அது. பணம் போட யூபிஐ. போன மாதம் எடுத்த சீட்டுப் பணத்தில் பாதியை அதில் விட்டிருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் கேட்டது கணக்குக் கேள்வி. கணக்காகவே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உள்ளே போய் அம்மா தாயம் விளையாட வைத்திருந்த சோழிப் பையை எடுத்து வந்தேன். எண்ணிப் பார்த்தேன். சரியாக 16 இருந்தது.

சோழியை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 200 ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் வசித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் கண்டு அவருடைய முறையைக் கேட்டு எழுதிவைத்தார். 1825-இல் வெளிவந்த அவருடைய 'கால சங்கலித'த்தில் அது இருக்கிறது. வாய்ப்பாடு முழுவதும் அந்த மனிதருக்கு மனப்பாடம். இடைக்கணக்கு வைத்துக்கொள்ளத்தான் சோழிகள். 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணத்தை அவர் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடு நேரத்தில் 23 நிமிடமும், முடிவு நேரத்தில் 52 நிமிடமும்தான் பிழை. கிரகணக் கொள்கை ஒன்றும் அவருக்குத் தெரியாது என்றும், அபாரமான நினைவாற்றலால் படிகளை மனத்திலும் தரையிலும் ஒழுங்காக அடுக்கினார் என்றும் வாரன் எழுதுகிறார். படி தெரிந்தால் போதும், பொருள் தெரியத் தேவையில்லை. இன்றைய கணினி நிரல் செய்வதும் அதைத்தான்.

அந்த முறையின் உயிர் ஒரே ஒரு செயலில் இருக்கிறது: வகு, மிச்சத்தை வைத்துக்கொள். கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாள்களை எண்ணி, ஒரு குறிப்பிட்ட பெரிய எண்ணைக் கழிப்பார்கள். வருவதை 12372-ஆல் வகுப்பார்கள். மிச்சத்தை 3031-ஆல் வகுப்பார்கள். அதன் மிச்சத்தை 248-ஆல் வகுப்பார்கள். கடைசி மிச்சம் எதுவோ, அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் நிற்கும் இடம் கிடைக்கும். எண்களை மறக்காமல் இருக்க அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 248-க்கு 'தேவரம்'. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் வழக்கப்படி தே என்றால் 8, வ என்றால் 4, ர என்றால் 2. வலமிருந்து படித்தால் 248. நம் புதுச்சேரி மாநிலத்துத் திருநள்ளாறு கோயில் இன்றும் சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கிறது.

கணிக்கத் தெரியாதவனுக்குக் கிரகணம் திடீரென்று வருவது. கணிக்கத் தெரிந்தவருக்கு அது மிச்சம் போட்டால் வருவது. ஆன்லைன் ஸ்லாட்டுக்கு உள்ளே இருப்பதும் இந்த வேறுபாடுதான். தாயத்தில் நாம் சோழியை உருட்டுகிறோம். ஸ்லாட்டில் எதுவும் உருளுவதில்லை. உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. வெளியே அது உருட்டல்போல் தெரிகிறது.

ஒரு நோட்டைத் திறந்து அவனுக்கு விதியை எழுதிக் கொடுத்தேன். ஓர் எண்ணை எடு. 5-ஆல் பெருக்கு. 3-ஐக் கூட்டு. 16-ஆல் வகு. மிச்சம்தான் அடுத்த எண். அந்த மிச்சத்தை எடுத்து மறுபடியும் அதையே செய். தொடக்க எண்ணை விதை என்பார்கள். அன்று தேதி 4, ஆகவே விதை 4. ஐந்நாலு இருபது, மூன்று சேர்த்தால் 23, பதினாறு போக 7. ஏழைந்து முப்பத்தைந்து, மூன்று சேர்த்தால் 38, முப்பத்திரண்டு போக 6. இப்படியே போட்டுக்கொண்டு போனான்:

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4.

விதி தெரியாத ஒருவரிடம் இந்த வரிசையைக் காட்டினால் கலைத்துப்போட்ட சீட்டு என்பார். 0 முதல் 15 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு தடவை வந்திருக்கிறது. 4 வந்ததும் மறுபடி 7, மறுபடி 6. அதே வட்டம் திரும்புகிறது. அமெரிக்கக் கணித அறிஞர் டெரிக் லேமர் 1949-இல் கணினிகளுக்கு முன்வைத்த வழியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இப்படிப் பிறக்கும் எண்களைப் போலித் தற்செயல் எண்கள் என்கிறோம். விதை ஒன்றானால் வரிசையும் ஒன்று, இம்மி மாறாது.

இன்னொரு முறை அந்த வரிசையைப் பாருங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகிறது. நான் சொல்வதற்கு முன்பே மருமகன் அதைப் பிடித்துவிட்டான். "அடுத்தது ஒத்தையா ரெட்டையான்னு நான் சொல்லிடுவேனே மாமா!" எனக்கு அப்போது வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. எளிய விதிகளுக்கு இதுதான் ஆபத்து. கூர்ந்து பார்ப்பவனிடம் அவை ரகசியத்தைக் கக்கிவிடும்.

உலகத்தில் அப்படிக் கக்கியும் இருக்கின்றன. 1999-இல் ஆன்லைன் போக்கர் தளங்கள் சில பயன்படுத்திய சீட்டுக் கலைக்கும் நிரலை அமெரிக்க மென்பொருள் வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்க எண். ஆனால் நிரல் விதையை எடுத்த இடம், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகள். ஒரு நாளில் மொத்தமே 8,64,00,000 மில்லி விநாடிகள். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தையும் ஒத்துவைத்ததும், சோதிக்க வேண்டிய விதைகள் சுமார் 2 லட்சமாகச் சுருங்கின. கண்ணுக்குத் தெரிந்த சில சீட்டுகளை வைத்தே மற்றவர் கையில் இருப்பதைக் கணினி சொல்லிவிட்டது. 2014-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துச் சூதாட்ட அரங்கு ஒன்றில் ரஷ்யர்கள் சிலர் பழைய ஸ்லாட் எந்திரங்களின் ஓட்டத்தைப் போனில் படம்பிடித்து, வெளியிலிருந்த கூட்டாளிகளுக்கு அனுப்பி, எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விளையாடினார்கள். உள்ளேயிருந்து கெடுத்த கதையும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் சேர்ந்து நடத்திய லாட்டரியின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் எட்டி டிப்டன், எண் பிறப்பிக்கும் நிரலிலேயே சில வரிகளைச் செருகினார். ஆண்டின் சில குறிப்பிட்ட நாள்களில், சில நிபந்தனைகள் பொருந்தினால், எண்கள் அவர் கணிக்கக்கூடியவையாக வரும். 2010 டிசம்பர் 23-இல் வாங்கிய ஒரு சீட்டுக்கு 1.65 கோடி டாலர் பரிசு விழுந்தது. பணத்தைக் கேட்டு யாரும் நேரில் வராததால் சந்தேகம் எழுந்தது. 2017-இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரையிலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கேட்ட பிறகு 'அப்படியானால் நாமும் கண்டுபிடித்துவிடலாமே' என்ற ஆசை வரும். மருமகனுக்கும் வந்தது. ஆனால் இன்று முறையாகச் செய்யப்படும் நிரல்களில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. விதையைக் கடிகாரத்திலிருந்து எடுப்பதில்லை. கணினியின் சில்லுக்குள் இருக்கும் மின் இரைச்சல், செய்திகள் வந்துசேரும் நேரத்தில் நேரும் நுண்ணிய தடுமாற்றம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து விதை செய்கிறார்கள். வங்கிப் பரிமாற்றத்தைப் பூட்டும் அதே ரகச் சங்கேத முறைகள் அந்த விதையிலிருந்து எண்களை விரிக்கின்றன. 256 பிட் விதை என்றால் சோதிக்க வேண்டியவை 78 இலக்க எண்ணிக்கை. வந்த எண்களை எத்தனை கோடி சேர்த்து வைத்தாலும் அடுத்த எண்ணைச் சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னும் ஒன்று உண்டு. நம்மிடம் 0 முதல் 15 வரை 16 எண்கள். ஆனால் உருளையில் 10 படங்கள் என்று வையுங்கள். எண்ணை 10-ஆல் வகுத்து மிச்சத்துக்குரிய படத்தைக் காட்டினால் 0 முதல் 5 வரையுள்ள படங்களுக்குத் தலா இரண்டு எண்கள் கிடைக்கும். 6 முதல் 9 வரையுள்ளவற்றுக்கு ஒன்றுதான். எண் சரியாகப் பிறந்தும் பங்கீட்டில் ஓரவஞ்சனை நுழைந்துவிடுகிறது. அதனால் 10-லிருந்து 15 வரை வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். உரிமம் தருகிற நாடுகளில் சோதனைக்கூடங்கள் நிரலைப் பிரித்துப் பார்த்து இதையெல்லாம் சோதிக்கின்றன. வாட்சப் லிங்க்கில் வந்த ஆப்பை அப்படி யார் பார்த்திருப்பார்கள்?

இப்போது அவன் கேள்விக்கு வரலாம். நாலு நாள் விழவில்லை, இன்று விழ வேண்டுமா? நேர்மையாக ஓடும் எந்திரத்துக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் புது எண். அதற்கு முன் வந்தவற்றை அது பார்ப்பதே இல்லை. ஒரு லட்சத்தில் ஒன்று என்று வாய்ப்பு இருந்தால், இப்போதுதான் ஜாக்பாட் வாங்கியவருக்கும் ஒரு லட்சத்தில் ஒன்று, பத்து நாளாகக் காத்திருப்பவருக்கும் ஒரு லட்சத்தில் ஒன்று.

நம் மனம் இதை ஏற்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நாம் வாழும் உலகத்தில் நேற்றுக்கும் இன்றைக்கும் தொடர்பு உண்டு. கியோம் லெ ஜென்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியன் முன்னே வெள்ளி கடப்பதைப் பார்க்க இதே புதுச்சேரியில் வந்து காத்திருந்தார். சோழிக் கணக்கையும் இங்கேதான் ஒரு தமிழரிடம் கற்றார். காலை வேளைகள் நாள்கணக்கில் தெளிவாகவே இருந்தன. 1769 ஜூன் 4 காலை, பார்க்க வேண்டிய அந்த நேரத்தில், மேகம் மூடிவிட்டது. அவர் வாழ்வின் பெரிய ஏமாற்றம் அது. ஆனாலும் தெளிந்த வானம் நீடிக்கும் என்று அவர் நம்பியது அறிவீனம் அல்ல. காற்றும் கடலும் நேற்றைய நிலையிலிருந்துதான் இன்றைய நிலைக்கு வருகின்றன. மழைக்கும் மீன்பாட்டுக்கும் பழகிய மனத்தோடுதான் நாம் இந்தத் திரையின் முன் உட்காருகிறோம். திரைக்குப் பின்னால் இருப்பதற்குப் பருவம் கிடையாது.

"சரி மாமா, ஏமாத்துறாங்களா இல்லையா, அத சொல்லுங்க."

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எண் நேர்மையாகப் பிறந்தாலும் பணம் போகும் என்பதைத்தான் நான் அவனுக்குச் சொல்ல விரும்பினேன். பணம் போவது எண்ணால் அல்ல. எண்ணுக்கு எதிரே எழுதிவைத்திருக்கும் பரிசுப் பட்டியலால்.

பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் கடிதம் எழுதிக்கொண்டு வாய்ப்புக் கணக்குக்கு அடித்தளம் போட்டார்கள். பாதியில் நின்ற சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றுவதற்கு 20 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. வரக்கூடிய ஒவ்வொரு முடிவையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் ஓர் ஆட்டத்தின் சராசரி மதிப்பு வந்துவிடும். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். உங்கள் எண்ணில் விழுந்தால் பந்தயத்தோடு 35 மடங்கு சேர்த்துத் தருவார்கள். 37 ரூபாய் போட்டால் சராசரியாக 36 திரும்பும். அந்த ஒரு ரூபாய் கடைக்காரருக்கு. ஆனால் ரூலெட்டில் ஒரு மரியாதை இருக்கிறது: குழிகளை நீங்கள் எண்ணலாம். தாயத்தில் சோழிகளை எண்ணலாம். ஸ்லாட்டில் எதையும் எண்ண முடியாது.

ஆரம்பத்தில் ஸ்லாட்டும் எண்ணக்கூடியதாகத்தான் இருந்தது. 1890-களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த 'லிபர்டி பெல்' எந்திரத்தில் மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் 10 படங்கள். பத்துப் பத்து நூறு, நூறு பத்து ஆயிரம். மூன்று மணி சேர்ந்து நிற்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இரும்பு உருளை எவ்வளவு பெரிதாக இருக்க முடியுமோ அவ்வளவுதான் பரிசும் இருக்க முடியும். இந்தத் தடையை 1984-இல் டெல்னேஸ் என்பவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை உடைத்தது. உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதை எண் பிறப்பிக்கும் நிரல் முடிவு செய்யும்; உருளை அதைக் காட்டினால் போதும். கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 நிறுத்தங்கள் என்றால், நினைவகத்துக்குள் இருக்கும் உருளையில் 64 இருக்கலாம். ஜாக்பாட் படத்துக்கு அந்த 64-இல் ஒன்றே ஒன்று. கண் போடும் கணக்கு: 22 பெருக்கல் 22 பெருக்கல் 22, அதாவது 10,648-இல் ஒன்று. எந்திரம் போடும் கணக்கு: 64 பெருக்கல் 64 பெருக்கல் 64, அதாவது 2,62,144-இல் ஒன்று. கண்ணுக்குத் தெரிந்ததைவிட சுமார் 25 மடங்கு தொலைவில் ஜாக்பாட்.

மீதி 63 இடங்களை என்ன செய்வார்கள்? ஜாக்பாட் படத்துக்கு ஒட்டினாற்போல் மேலும் கீழும் இருக்கும் வெற்றுக் கட்டங்களுக்கு நிறையக் கொடுப்பார்கள். விளைவு, சிவப்பு 7 கோட்டுக்கு ஒரு கட்டம் மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். "ஜஸ்ட்ல போச்சு மாமா" என்று மருமகன் ஐந்தாறு தடவை சொன்னான். ஜஸ்ட்டில் போகவில்லை. வில்லாளிக்கு அம்பு ஒரு விரல் தள்ளிப் போனால் அது அவன் நெருங்கிவிட்டதற்கு அடையாளம். அடுத்த அம்பில் திருத்திக்கொள்வான். ஸ்லாட்டில் பக்கத்துக் கட்டமும் தூரத்துக் கட்டமும் ஒரே தோல்விதான், திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நூலிழைத் தோல்வியின்போது மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளே தூண்டப்படுவதைப் படமெடுத்துக் காட்டினார்கள். தோற்றவனுக்கு மறுபடி ஆட வேண்டும் என்ற வேகம் கூடுகிறது.

திரைக்கு வந்தபின் இரும்பு உருளையும் போய்விட்டது. பொத்தானைத் தொட்ட கணத்தில் போனிலிருந்து சிறு செய்தி ஒன்று எங்கோ கடல்கடந்து இருக்கும் சர்வருக்குப் போகிறது: இன்னார் கணக்கு, பந்தயம் 10 ரூபாய். சர்வர் கணக்கில் 10 ரூபாயைக் கழிக்கிறது. எண்ணை எடுக்கிறது. பட்டியலில் பார்க்கிறது. பரிசு இருந்தால் கணக்கில் சேர்க்கிறது. முடிவைத் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் போனில் பட்டைகள் சுழலத் தொடங்குகின்றன. எந்தப் படத்தில் நிற்க வேண்டும் என்பது தெரிந்தேதான் அவை சுழல்கின்றன. நடுவில் 'நிறுத்து' பொத்தானைத் தட்டினால் படம் சீக்கிரம் நிற்கும், முடிவு மாறாது. மருமகன் மூன்றாவது பட்டை வரும்போது கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்துத் தட்டுவான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் விரல் இறங்குமுன்பே அவன் கணக்கில் கழித்தாகிவிட்டது.

உரிமம் பெற்ற தளங்கள் 'விளையாடுபவருக்குத் திரும்புவது 96 சதவீதம்' என்று போட்டிருக்கும். ஆயிரம் கொண்டுபோனால் 960 திரும்பும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 96 என்பது ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனித்தனியே. ஆயிரத்தையும் ஒருமுறை ஆடித் தீர்த்தால் சராசரியாக 960. அந்த 960-ஐ ஆடினால் 921 ரூபாய் 60 காசு. இப்படி 17 சுற்று சுற்றினால் பாதி போய்விடும். ஆறு விநாடிக்கு ஒரு ஸ்பின் என்றால் மணிக்கு 600 ஸ்பின். பத்து ரூபாய் வீதம் மணிக்கு 6,000 ரூபாய் பந்தயம். அதில் 4 சதவீதம் 240 ரூபாய். இதே ஆட்டம், இதே படம், இதே இசை, உள்ளே பட்டியல் மட்டும் 85 சதவீதத்துக்கு எழுதியது என்றால் மணிக்கு 900 ரூபாய். கனடாவில் கெவின் ஹாரிகனும் மைக் டிக்சனும் எந்திரங்களின் கணக்குத் தாள்களையே பெற்று ஆராய்ந்தார்கள். ஒரே ஆட்டம் இப்படிப் பல சதவீதங்களில் தயாராகி வருவதை 2009-இல் எழுதினார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எது எதுவென்று தெரியாது.

அதே குழு இன்னொன்றையும் அளந்தது. இருபது வரிகளில் 20 ரூபாய் கட்டி, ஒரு வரியில் 6 ரூபாய் விழுந்தால், விளக்கு எரியும், மணி அடிக்கும், காசு கொட்டும் சத்தம் கேட்கும். 14 ரூபாய் போயிருக்கிறது. உடலோ வெற்றி வந்ததாகவே துள்ளுகிறது. பிரிட்டன் 2021 அக்டோபர் முதல் ஆன்லைன் ஸ்லாட்டுகளில் இத்தகைய போலிக் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. இரண்டு ஸ்பின்னுக்கு நடுவே குறைந்தது 2.5 விநாடி இருக்க வேண்டும் என்றும், ஆட்டம் தானாக ஓடும் வசதி கூடாது என்றும் விதித்தது. ஏமாற்றே இல்லாத எந்திரத்தையும் இவ்வளவு கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் கோவாவின் சூதாட்ட அரங்குகளில் ஸ்லாட் எந்திரத்துக்குச் சட்ட அனுமதி உண்டு. ஆன்லைன் கதை வேறு. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று பட்டியலிலிருந்து விலக்கிவிட்டு, அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை அப்படியே வைத்தது. ஆனால் எங்கள் எல்லையான கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் செல்லும் சட்டம் இந்தப் பக்கம் செல்லாது. மாநில எல்லையைப் பேருந்து நடத்துநருக்குத் தெரியும், செல்போன் கோபுரத்துக்குத் தெரியாது. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் அந்தப் பிளவை மூடுகிறது. திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் அது தடுக்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரைக் குற்றவாளியாக்கவில்லை. அந்தத் தெளிவு எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. மருமகனைப் போன்றவர்கள் பயமில்லாமல் யாரிடமாவது வந்து சொல்லலாம்.

இவ்வளவும் பேசி முடித்தபோது மணி பத்தரை. அக்கா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். எழுந்தவனை உட்காரச் சொன்னேன். 16 சோழியையும் அவன் பக்கம் தள்ளினேன்.

"இதுதான் உன் பணம். ஒரு ஸ்பின்னுக்கு ஒரு சோழி. எண்ணு நீ போட்ட வரிசைதான். 0 வந்தா எட்டு சோழி. 1, 2 வந்தா ரெண்டு. 3, 4, 5 வந்தா ஒண்ணு. 6-லேருந்து 15 வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

என்னிடம் ஒரு சோழியும் இல்லை. அதை அவன் கவனிக்கவில்லை.

7 வந்தது, 6 வந்தது. இரண்டு சோழி என்னிடம் வந்தன. 1 வந்தது, இரண்டு கொடுத்தேன், அவனிடம் 15. பிறகு 8, 11, 10. இடையில் ஒரு 5. மறுபடி 12, 15, 14, 9. அவனிடம் 8 சோழிதான் மிச்சம். நெற்றியைச் சுருக்கினான். பன்னிரண்டாவது ஸ்பின்னுக்கு ஒரு சோழியை நகர்த்தினான். 0.

எட்டு சோழியை எண்ணி அவன் முன் வைத்தேன். திண்ணையைத் தட்டிச் சிரித்தான். 3 வந்தது, போட்டது திரும்பியது. 2 வந்தது, அவன் கையில் மறுபடி 16. "பாத்தீங்களா, போட்டதெல்லாம் வந்துடுச்சு!" பிறகு 13. பிறகு 4. சுற்று முடிந்தது. 15.

"ஒண்ணுதானே மாமா போச்சு?"

"நான் கொடுத்த எட்டு யாருடைய சோழி?"

என் பக்கம் கிடந்த ஒற்றைச் சோழியைப் பார்த்தான். பட்டியலை எடுத்துக் கூட்டினான். எட்டு, இரண்டும் இரண்டும் நாலு, ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று. மொத்தம் 15. போட வேண்டியது 16.

நிஜத்தில் வட்டம் இவ்வளவு சின்னது இல்லை என்றும் அவனிடம் சொன்னேன். ஒரு மாலையில் ஒருவர் ஜெயித்தே எழுந்துபோகலாம், இன்னொருவர் மொத்தத்தையும் விடலாம். சர்வருக்கு ஓர் ஆளின் மாலை கணக்கில் இல்லை. பத்து லட்சம், ஒரு கோடி என்று ஸ்பின்கள் சேரச் சேர, பட்டியலில் எழுதிய சதவீதத்துக்கு மொத்தம் நெருங்கிக்கொண்டே போகும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "வேற நம்பர்ல ஆரம்பிச்சா?" என்றான்.

"ஆரம்பி."

16 சோழியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விதையாக 9-ஐ வைத்தான். ஒன்பதைந்து நாற்பத்தைந்து, மூன்று சேர்த்தால் 48, வகுத்தால் மிச்சம் 0. முதல் ஸ்பின்னிலேயே ஜாக்பாட். கொடுக்க என்னிடம் அவன் போட்ட ஒரு சோழிதான் இருந்தது. மீதி ஏழுக்குப் புளியங்கொட்டை எடுத்து வந்து வைத்தேன். அவனிடம் 23. பிறகு 3, பிறகு 2, 24. அவன் சிரிக்கவில்லை. பென்சிலால் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே கையிருப்பை எழுதிக்கொண்டே போனான். 23, 23, 22, 21, 22, 21, 20. புளியங்கொட்டைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பி வந்தன. 19, 19, 18, 17, 16.

கடைசி எண் 9. விதையாக அவன் வைத்த அதே 9.

பதினைந்தை எழுதிவிட்டு, நோட்டின் மேல்வரியில் முதலில் எழுதிய 23-க்குப் போய் பென்சில் நின்றது.

"முதல் நாள் எனக்கு விழுந்துச்சே, மூவாயிரம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.